3389-ஐத் திறக்கச் சொல்லும் வழிகாட்டிகள்: ஒரு விமர்சனக் குறிப்பு

வெளியூரில் இருந்துகொண்டு அலுவலகக் கணினியை இயக்குவது எப்படி என்று தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தேடினாலும் தமிழில் தேடினாலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே பாடம்தான். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யுங்கள். கணினிக்கு மாறாத ஓர் உள்முகவரி கொடுங்கள். ரௌட்டருக்குள் போய் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தைத் திறங்கள். 3389 என்ற எண்ணுக்கு வருவதையெல்லாம் அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் வெளி ஐபி என்ன என்று குறித்துக்கொண்டு வெளியிலிருந்து இணைத்துப் பாருங்கள். ஐந்தே படி, பத்தே நிமிடம்.

கடந்த சில வாரங்களாக இந்த வகை வழிகாட்டிகளை, வீடியோக்களையும் சேர்த்து, வரிசையாகப் பார்த்து வந்தேன். ஒரு இலக்கிய வகைமையை வாசிப்பது போல வாசித்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் இதுவும் ஒரு வகைமைதான். இதற்கென்று ஒரு கதைச்சட்டகம் இருக்கிறது: பயனர்தான் நாயகன், ரௌட்டர் வழிமறிக்கும் வில்லன், போர்ட் என்பது பூட்டிக் கிடக்கும் கதவு. கதவு திறந்ததும் சுபம். திறந்த கதவு வழியாக வேறு யார் வருவார்கள் என்பது கதையில் இல்லை. கதவே நம் வீட்டில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதும் இல்லை.

படிகள் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஐந்து படியும் தொழில்நுட்பரீதியாகச் சரி. என் வாதம் வேறு. இந்த வழிகாட்டிகள் ரௌட்டரை ஒரு பூட்டாக நினைத்துக்கொண்டு பேசுகின்றன. உண்மையில் அது ரேஷன் கடை. முகவரிப் பஞ்சம் வந்ததால் ஏற்பட்ட பங்கீடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால், திறக்கக் கூடாததைத் திறக்கச் சொல்கின்றன. திறக்கவே முடியாத இடத்தில் காரணம் சொல்லத் தெரியாமல் முழிக்கின்றன.

1. வாட்ச்மேனின் நோட்டு

முதலில் ரௌட்டர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது கட்டடத்தின் ஒரே ஒரு கதவு எண். உள்ளே எத்தனை வீடு, எந்த வீட்டில் யார் என்று எதுவும் தெரியாது. கேட்டில் ஒரு வாட்ச்மேன். உள்ளேயிருந்து யாராவது கடிதம் அனுப்பினால், யார் யாருக்கு அனுப்பினார் என்று நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நோட்டில் இல்லாத கடிதம் வந்தால்? குப்பைக்கூடையில் போடுகிறார்.

அவர் ஏன் அதைக் குப்பையில் போடுகிறார் என்பதுதான் முக்கியம். வந்தவர் மேல் சந்தேகப்பட்டு அல்ல. எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தெரியாததால். இதுதான் ‘நேட்’ எனப்படும் முகவரி மாற்றம். நடைமுறையில் அது வெளியாட்களைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தடுப்பு அறியாமையின் பக்கவிளைவு. போர்ட் ஃபார்வர்டிங் என்றால், அந்த நோட்டில் அழிக்க முடியாத மையில் ஒரு வரி எழுதிவிடுவது: ‘3389 என்று கேட்டு யார் வந்தாலும் நான்காம் வீட்டுக்கு அனுப்பு.’ யார் வந்தாலும் என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். வாட்ச்மேன் முகத்தைப் பார்ப்பதில்லை. முன்பும் பார்த்ததில்லை, இப்போதும் பார்ப்பதில்லை.

நேட் முறையை விவரித்த முதல் ஆர்எஃப்சி ஆவணம், ஆர்எஃப்சி 1631. ஆண்டு 1994, மே மாதம். எழுதியவர்கள் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர். சில பக்கங்களே கொண்ட சின்ன ஆவணம், நேரம் கிடைத்தால் வாசியுங்கள். தொழில்நுட்ப ஆவணங்களில் இவ்வளவு அடக்கமான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. முகவரிகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன, பெரிய முகவரிகள் கொண்ட புதிய நெறிமுறை வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு குறுகியகால ஏற்பாடு இது என்று தொடங்குகிறது. முடிவுரையில், இதில் உள்ள குறைகளால் நீண்டகாலத் தீர்வாக இது பொருந்தாது, குறுகியகாலத் தீர்வாகக்கூடப் பொருந்தாமல் போகலாம் என்று தாங்களே ஒப்புக்கொள்கிறார்கள். தன் கண்டுபிடிப்பைப் பற்றி இப்படி எழுதுகிறவர்கள் அபூர்வம்.

அந்தத் தற்காலிகக் கொட்டகைக்குள்தான் நாம் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். 1996-இல் ஆர்எஃப்சி 1918 வந்து 10, 172.16, 192.168 என்று தொடங்கும் தனியார் முகவரிகளுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தது. 1999-இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, ஒரு கணினியின் இணைப்பை மற்றவற்றோடு பகிரும் வசதியோடு வந்தது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரே இணைப்பில் பத்துக் கணினிகள் ஓடியதற்கு இந்த மாதிரி ஏற்பாடுகள்தான் காரணம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பகிர்வு அமைப்புக்குள்ளேயே ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று ஒரு டிக் பெட்டி இருந்தது. டிக் அடித்தால் 3389 திறந்துவிடும். இன்றைய ஐந்து படி வழிகாட்டி அந்த டிக் பெட்டியின் நேரடி வாரிசு. உலகம் மாறிவிட்டது, வழிகாட்டி மாறவில்லை.

2. திறந்த பிறகு என்ன நடக்கிறது

‘என் ஐபி யாருக்குத் தெரியும்? நான் என்ன பெரிய கம்பெனியா?’ இந்தக் கேள்வி எல்லாரிடமும் இருக்கிறது. வழிகாட்டிகளும் இதை மௌனமாக ஆமோதிக்கின்றன. சிலவற்றில் பாதுகாப்பு பற்றி ஒரு வரி வரும்: வலுவான கடவுச்சொல் வையுங்கள். அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தம் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி. கேட்கப் பெரிய எண். ஆனால் 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஸீமேப்’ என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினி, ஒரு கிகாபிட் இணைப்பு. இதை வைத்துக்கொண்டு பொது இணையத்தின் ஐபி முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். உங்களை யாரும் தேடி வரவேண்டியதில்லை. தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டு போகிற ஆளுக்கு, உங்கள் வீடும் ஒரு வீடு. ‘ஷோடன்’ மாதிரியான தேடுபொறிகள் இப்படித் தட்டிப் பார்த்த முடிவுகளைப் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன.

இதைச் சோதிக்க, ஒன்றுமே இல்லாத ஒரு பழைய கணினியை வீட்டு வலையமைப்பிலிருந்து பிரித்து, பொது ஐபி உள்ள ஓர் இணைப்பில் 3389-ஐத் திறந்து வைத்தேன். விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பதிவில் 4625 என்ற எண், தோற்றுப்போன உள்நுழைவு முயற்சியைக் குறிக்கும். அன்றிரவே பதிவுகள் வர ஆரம்பித்தன. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றி முயற்சி. எந்த மனிதரும் உட்கார்ந்து செய்யவில்லை; எல்லாம் நிரல்கள். அவற்றுக்குத் தூக்கமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. இத்தனை முறை தவறினால் கணக்கைப் பூட்டு என்கிற அமைப்பு, விண்டோஸ் 11-இன் 2022 பதிப்புக்குப் பிறகுதான் இயல்பாகவே ஆன் ஆகி வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நீங்களே தேடிப்போய் வைக்காவிட்டால், முயற்சிக்கு வரம்பே இல்லை.

‘போர்ட் எண்ணை 33890 என்று மாற்றிவிடுங்கள், போதும்’ என்பது அடுத்த அறிவுரை. பதிவில் சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் மொத்தம் 65,535 போர்ட்களே உள்ளன. எந்த எண்ணில் தட்டினாலும் உள்ளே பதில் சொல்வது ரிமோட் டெஸ்க்டாப்தான் என்பதை அதன் முதல் பதிலே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டின் கதவு எண்ணை மாற்றி எழுதிவிட்டுப் பூட்டாமல் போவது மாதிரி.

கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் போதாத நாட்களும் உண்டு. 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பிழையை அறிவித்தது. பின்னால் ‘புளூகீப்’ என்று பெயர் பெற்றது. விண்டோஸ் 7, சர்வர் 2008 உள்ளிட்ட பதிப்புகளில், கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய் நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை. ஐந்து வருஷத்துக்கு முன்பே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் சேர்த்து அன்று திருத்தம் வெளியிட்டார்கள் என்றால் பதற்றத்தைப் புரிந்துகொள்ளலாம். போர்ட்டைத் திறந்து வைத்தவர் அந்தத் திருத்தத்தைப் போடும்வரை அவருடைய பாதுகாப்பு அதிர்ஷ்டத்தின் கையில். பத்து நிமிட வீடியோவின் காலாவதி தேதி இப்படித்தான் வருகிறது.

இங்கே எதிர்த்தரப்பின் மிகைப்படுத்தலையும் சொல்லிவிட வேண்டும். சோஃபோஸ் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2023-இல் தாங்கள் ஆராய்ந்த ஊடுருவல்களில் 90 சதவீதத்தில் ரிமோட் டெஸ்க்டாப் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது என்கிறது. இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு ‘90 சதவீதத் தாக்குதல் திறந்த 3389 வழியாகத்தான்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தப்பு. அந்த 90-இல், வேறு வழியில் உள்ளே வந்தபின் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்தியதும் அடக்கம். வெளியே போர்ட்டே திறக்காத நிறுவனமும் அந்தக் கணக்கில் வரும். பயமுறுத்துவதும் ஒருவகையில் அந்த ஐந்து படி மாதிரிதான், யோசிக்க விடாது.

பெரிய நிறுவனங்களை விடுங்கள். என் அக்கறை சின்ன அலுவலகங்கள் மேல். ஒரே ஒரு கணினியில் டேலி. மொத்தக் கணக்கும் அதில். கணக்கு பார்ப்பவர் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பார்க்கிறார். உறவுக்காரப் பையன் வீடியோவைப் பார்த்து போர்ட் திறந்து கொடுத்திருக்கிறான். கடவுச்சொல், கடைப் பெயரும் 123-ம். இப்படியான ஓர் அலுவலகத்தில் ஒருநாள் காலை எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறி, பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் நின்றது. என்னைக் கூப்பிட்டபோது மாதத்தின் 18-ஆம் தேதி. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். ‘இருக்கு சார், டி டிரைவ்ல.’ அதே கணினியின் டி டிரைவ். அதுவும் போயிருந்தது. பழைய பில் கட்டுகளை மேஜை மேல் கொட்டி, இரண்டு பேர் முதல் பில்லிலிருந்து மறுபடி அடிக்க உட்கார்ந்தார்கள். வீடியோவில் பார்த்த ஐந்து படியையும் அந்தப் பையன் பிசகாமல் செய்திருந்தான். அதுதான் பிரச்சினையே.

3. திறக்கவே முடியாதபோது

மேலே சொன்னது, போர்ட் திறந்துவிட்டால் வரும் சிக்கல். இப்போது பலருக்கு அந்த ‘வாய்ப்பே’ கிடைப்பதில்லை. எல்லாப் படிகளையும் சரியாகச் செய்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு வராது. ஃபயர்வாலை அணைப்பார்கள், ரௌட்டரை ரீசெட் செய்வார்கள், புது ரௌட்டர்கூட வாங்குவார்கள். காரணம் எந்தப் படியிலும் இல்லை. அவர்களுடைய வாட்ச்மேனுக்கு மேல் இன்னொரு வாட்ச்மேன் இருக்கிறார்.

உங்கள் ரௌட்டரின் நிலைப் பக்கத்தில், வெளி இணைப்புக்குக் கொடுக்கப்பட்ட முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், நீங்கள் பொது இணையத்தில் நேரடியாக இல்லை. இந்த முகவரித் தொகுதி, மொத்தம் 41,94,304 முகவரிகள், 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 மூலம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சேவை நிறுவனமே தன் வாடிக்கையாளர்களை ஒரு பெரிய நேட்டுக்குப் பின்னால் வைக்கும் ஏற்பாடு. ‘சிஜிநேட்’ என்பார்கள். சில நிறுவனங்கள் இதற்கு 10-இல் தொடங்கும் முகவரிகளையும் பயன்படுத்துகின்றன. ஆகவே நம்பகமான சோதனை ஒன்றுதான்: ரௌட்டர் காட்டும் முகவரியும், ‘என் ஐபி என்ன’ என்று தேடினால் வரும் முகவரியும் ஒன்றா? இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். நான் பார்த்த வழிகாட்டிகளில் இந்த ஒரு நிமிடச் சோதனையை முதல் படியாக வைத்தவை மிகச் சில.

ஏன் இப்படி என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலகின் பொது முகவரிக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது; கடைசித் தொகுதிகள் அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகம் ஏப்ரல் 15-ஆம் தேதியே தன் கடைசித் தொகுதியில் கைவைத்துவிட்டது. முன்னால் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்ததில் அமெரிக்காவிடம் 100 கோடிக்கு மேல் முகவரிகள். இந்தியாவிடம் சில கோடிகள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்கு ரசம் மட்டும்தான்.

இந்தப் பின்னணியில் அந்த ஐந்து படிகளை மறுபடி வாசியுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பொது முகவரி என்பதை அவை இயற்கை விதி போல எடுத்துக்கொள்கின்றன. அது முகவரி ஏராளமாக இருந்த ஊரின் அனுபவம். தமிழில் வருபவை பெரும்பாலும் அந்த ஆங்கிலப் பாடத்தின் மறுபதிப்பு. சொற்கள் மட்டும் தமிழாகின்றன, அடிப்படை அனுமானம் அப்படியே வந்துவிடுகிறது.

சிஜிநேட்டில் 3389 ஏன் கிடைக்காது என்பதற்கு எளிய விளக்கம்: ஒரு முகவரியில் முதல் 1,024 போர்ட்களை விட்டால் மீதி 64,512. வீட்டுக்கு ஆயிரம் என்று பங்கு பிரித்தால் 64 வீடுகள் ஒரே முகவரியில். ஆனால் அந்த முகவரியில் 3389 என்ற எண் ஒன்றே ஒன்று. 64 பேரில் யாருக்கு அதைக் கொடுப்பது?

சரி, 3389 வேண்டாம், என் பங்கில் உள்ள ஆயிரத்தில் ஏதாவது ஒன்றை எனக்குத் திருப்பிவிடுங்கள் என்று கேட்கலாம் அல்லவா? கேட்கலாம். அதற்கான நெறிமுறையே இருக்கிறது. 2013 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 6887, வாடிக்கையாளரின் கருவி மேலே உள்ள நேட்டிடம் போர்ட் கேட்டு வாங்கும் முறையை வகுத்தது. அதே மாதம் வந்த ஆர்எஃப்சி 6888, சிஜிநேட் கருவிகள் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதன் ஒன்பதாவது விதி, நேட் பதிவுகள் மேல் வாடிக்கையாளருக்கு நேரடிக் கட்டுப்பாடு தரும் ஒரு நெறிமுறையைக் கருவி கண்டிப்பாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. இந்த ஆவணங்களில் ‘கண்டிப்பாக’ என்பது சும்மா வருகிற சொல் அல்ல. பெரிய எழுத்தில், வரையறுக்கப்பட்ட பொருளில் வருவது.

ஆனால் கவனியுங்கள். கருவியில் வசதி இருக்க வேண்டும் என்றுதான் விதி. அதை ஆன் செய்து உங்களுக்குத் தர வேண்டும் என்று நிறுவனத்தை அது கட்டாயப்படுத்தவில்லை. வீட்டு இணைப்பில் இப்படி ஒரு வசதியை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ‘ஸ்டாட்டிக் ஐபி எடுத்துக்கோங்க சார்’ என்பார்கள். அதற்குத் தனிக் கட்டணம். பஞ்சத்துக்கு வந்த ரேஷன், கடைசியில் விற்பனைப் பொருளாகிவிட்டது. வழிகாட்டி எழுதுகிறவர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். அவர்களோ ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள்.

4. ‘போர்ட்டே வேண்டாம்’ என்கிற இன்னொரு வழிகாட்டி

இந்த வகைமைக்கு ஒரு தம்பி உண்டு. ‘போர்ட் எல்லாம் எதுக்கு? இந்த ஆப்பைப் போடுங்க, ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா போதும்.’ டீம்வியூவர், எனிடெஸ்க் வகையறா. இவை எப்படி நேட்டைத் தாண்டுகின்றன என்பது அழகான விஷயம். இரண்டு பக்கக் கணினிகளும் உள்ளேயிருந்து வெளியே, நிறுவனத்தின் சர்வரோடு பேசுகின்றன. வாட்ச்மேன் நோட்டில் வரி விழுந்துவிடுகிறது. பிறகு அந்த வரியைப் பயன்படுத்தியே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேரடியாக எட்டப் பார்க்கின்றன. முடியாவிட்டால் சர்வரே நடுவில் நின்று கடத்துகிறது. சிஜிநேட்டிலும் வேலை செய்யும்.

திறந்த 3389-ஐவிட இது மேல். சந்தேகமே இல்லை. ஆனால் வழிகாட்டி ஒன்றை மறைக்கிறது: சாவி இப்போது இடம் மாறிவிட்டது. உங்கள் கணினியை எட்டும் வழி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகப் போகிறது. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க், தன் சொந்த சர்வர்களிலேயே ஊடுருவல் நடந்ததாக அறிவித்து, சான்றிதழ்களை மாற்றி, இணையதளக் கடவுச்சொற்களைச் செல்லாததாக்க வேண்டிவந்தது. உலகின் எந்த மூலையில் நடந்தாலும் அது உங்கள் வாசலைத் தொடுகிற செய்தி.

இன்னொரு ஆபத்து தொழில்நுட்பமே சாராதது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் செயலியை நிறுவவைத்து யுபிஐ வழியாகப் பணம் திருடும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. ‘பேங்க்லேர்ந்து பேசறோம், இந்த ஆப்பைப் போட்டு நம்பரைச் சொல்லுங்க.’ அவ்வளவுதான். போர்ட் எதுவும் திறக்கவில்லை, ஃபயர்வால் அசையவில்லை. வாயால் சொன்ன ஒரு எண் போதுமானதாக இருந்தது. எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது என்று எளிமையைக் கொண்டாடும் வழிகாட்டி, அந்த எண்ணை யாரிடம் சொல்லக் கூடாது என்பதையும் அதே எழுத்தளவில் சொல்லக் கடமைப்பட்டது.

5. ஐபிவி6 எங்கே?

ஆர்எஃப்சி 1631 காத்திருந்த அந்த ‘பெரிய முகவரி’ 1998 டிசம்பரிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது: ஐபிவி6, 128 பிட் முகவரி. அதிலும் இந்தியா பின்தங்கியில்லை. மொபைல் நிறுவனங்களின் புண்ணியத்தில், இங்கிருந்து கூகுளை எட்டும் பயனர்களில் பாதிக்கு மேல் ஐபிவி6 வழியாகவே வருகிறார்கள். உங்கள் வீட்டு இணைப்பிலும் இருக்கலாம். இருந்தால், உள்ளே உள்ள ஒவ்வொரு கணினிக்கும் சொந்தமாக ஒரு பொது முகவரி உண்டு. திருப்பிவிட வேண்டிய போர்ட் என்று எதுவும் இல்லை.

‘ஐயோ, அப்போ எல்லாமே திறந்து கிடக்குமே?’ நேட்டைப் பூட்டாக நம்பியதன் விளைவுதான் இந்தப் பயம். பூட்டு என்பது ஃபயர்வால். வீட்டு ரௌட்டர்கள் ஐபிவி6-இல் கேட்காமல் உள்ளே வருவதை மறுக்கும் வசதி எப்படி இருக்க வேண்டும் என்று 2011-இலேயே ஆர்எஃப்சி 6092 பரிந்துரைத்துவிட்டது. அப்படிப்பட்ட ரௌட்டரில், யார் வரலாம் என்று நீங்கள் சொன்னால்தான் வரமுடியும். இங்கேதான் அறியாமையால் தடுப்பதற்கும் தெரிந்து மறுப்பதற்கும் வித்தியாசம் வருகிறது. கொசுறாக ஒரு கணக்கு: 45 நிமிடத்தில் பழைய இணையம் முழுவதையும் தட்டிய அதே வேகத்தில், ஐபிவி6-இல் ஒரே ஒரு வீட்டுக்குத் தரும் முகவரித் தொகுதியைத் தட்டி முடிக்க மூன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். இதையும் பூட்டாக நினைக்காதீர்கள். முகவரி வேறு வழிகளில் கசியும்.

சிக்கல் என்னவென்றால், சேவை நிறுவனம் தரும் ரௌட்டர்கள் சிலவற்றில் ஐபிவி6 ஃபயர்வாலில் தனித்தனியாக அனுமதி கொடுக்கப் பக்கமே இல்லை. முழுக்க மூடு, அல்லது முழுக்கத் திற. முகவரி பெருகியும் சாவி நம் கைக்கு வரவில்லை.

6. நல்ல வழிகாட்டி எப்படி இருக்கும்

விமர்சித்தால் மாற்று சொல்ல வேண்டும். நான் எழுதினால் இந்த வரிசையில் எழுதுவேன்.

முதல் படி, மேலே சொன்ன ஒரு நிமிடச் சோதனை: பொது முகவரி இருக்கிறதா, ஐபிவி6 இருக்கிறதா. மீதி எல்லாம் இதைப் பொறுத்தது.

பொது முகவரி இருந்தால், 3389-ஐத் திறக்காதீர்கள்; ஒரு விபிஎன்னுக்கான போர்ட்டை மட்டும் திறங்கள். வயர்கார்டு என் தேர்வு. 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, விண்டோஸிலும் ஓடும். அதன் சிறப்பு, சரியான சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. தட்டிப் பார்ப்பவருக்கு உள்ளே ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. ரிமோட் டெஸ்க்டாப் அந்தக் குழாய்க்குள் மட்டும் ஓடட்டும்.

சிஜிநேட் என்றால், ஐபிவி6 வழியாக அதே வயர்கார்டு. அதுவும் முடியாவிட்டால், மாத வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் அதனோடு இணையலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சேவை. கடைசியில் சொன்னதில் சாவியின் ஒரு பகுதி வேறு நிறுவனத்திடம் இருக்கிறது என்பதை அந்த வரியிலேயே எழுதிவிடுவேன்.

எந்த வழியாக இருந்தாலும்: ரௌட்டரில் யுபிஎன்பி-ஐ அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உள்ள எந்தக் கேமராவும் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளும். தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத கணக்கு. ஒரு பேக்கப், கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கக்கூடிய டிஸ்க்கில். டேலி வைத்திருப்பவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யலாம். போர்ட் விஷயத்தை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

‘இவ்வளவு நீளமா எழுதினா யார் சார் படிப்பாங்க?’ நியாயமான ஆட்சேபம். சாவி உருவாக்குவது, அதை இரண்டு பக்கமும் சேர்ப்பது, கணக்கு பார்ப்பவரின் மடிக்கணினியில் நிறுவுவது எல்லாம் சேர்ந்து முதல் முறை ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான். மூன்று வருஷப் பில்களை இரண்டு பேர் மறுபடி அடிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இல்லை.

தமிழில் இத்தகைய வழிகாட்டி எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘போர்ட் திறப்பது எப்படி’ என்று தலைப்பு போடும்முன், நம் வாசகரின் இணைப்பில் திறக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையே தலைப்பாக வையுங்கள். ‘எங்கள் வீட்டு இணைப்பில் எங்களுக்கென்று ஒரு போர்ட் ஏன் கிடையாது, ஐபிவி6 ஃபயர்வால் பக்கம் ஏன் இல்லை’ என்று சேவை நிறுவனத்திடம் கேட்கத் தெரிந்த ஆயிரம் வாடிக்கையாளர்கள் உருவானால், ஆர்எஃப்சி 6888-இன் ஒன்பதாவது விதியை யாராவது ஒருவர் ஆன் செய்து பார்க்கக்கூடும்.